சமவெளிக் கணக்கு மலையில் செல்லாது: நீலகிரியின் சிறு உணவகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் மெஸ், டிபன் கடை, டீக்கடை நடத்தும் முதலாளிகளுக்கும், பனி விலகும் முன்பே அடுப்பைப் பற்ற வைக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளை நம்பித்தான் இந்த மலையில் பாதிப் பேருடைய பகல் ஓடுகிறது. ஜீப் டிரைவர், எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகிறவர், அரசு ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருப்பவர், ஹாஸ்டல் பிள்ளைகள், மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்தவர் என எல்லோரும் உட்காருவது உங்கள் பெஞ்சில்தான். ஏரிக்கரையைப் பார்த்து போட்டோ எடுக்கிறவர்கள் ஒரு நாள் வந்து போவார்கள். இவர்கள் தினமும் வருவார்கள். இந்த மடல் அவர்களுக்காக எழுதப்படுகிறது. சமைக்கிறவர்களும் சாப்பிடுகிறவர்களும் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம்.

மலைக்கடைகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் குறைகள் நாலைந்துதான். பருப்பு வேகவில்லை. இட்லி நடுவில் பிசுபிசுக்கிறது. வடை வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கிறது. சாம்பார் இலைக்கு வருவதற்குள் ஆறிவிட்டது. டீ கசக்கிறது. சாப்பிட்டவர் "அக்கறையில்லாத கடை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பெரும்பாலும் அது உண்மையில்லை. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் பத்து வருஷம் பேர் வாங்கிய மாஸ்டர் இங்கே வந்து, அதே கைப்பக்குவம், அதே நேரக்கணக்கு, அதே விசில் கணக்கோடு சமைக்கிறார். அந்தக் கணக்கு மலையில் செல்லாது. எங்கே செல்லாது, ஏன் செல்லாது, எப்படித் திருத்தலாம் என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

முதலில் தண்ணீர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கீழே சமவெளியில் 100 டிகிரியில் கொதிப்பது ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. சுமார் 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் 94 டிகிரி. கூடலூர் இன்னும் இறக்கம், அங்கே 97-ஐ ஒட்டி வரும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்தால் சூடு ஏறிவிட்டது என்றுதான் கண் சொல்லும். ஆனால் எத்தனை தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அந்த 93-ஐத் தாண்டாது. தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றும், கேஸ் தீரும், அவ்வளவுதான். வேக வைக்க மலையில் இரண்டே வழி: ஒன்று கூடுதல் நேரம், இன்னொன்று குக்கர்.

குக்கரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெயிட் வால்வு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான் அளக்கிறது. வெளியே அழுத்தம் குறைவாக இருப்பதால், கீழே 121 டிகிரிக்குப் போகும் அதே குக்கர் ஊட்டியில் 116-ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே கீழே நாலு விசில் என்றால் இங்கேயும் நாலு என்று நிறுத்தாதீர்கள். விசிலை எண்ணுவதையே விட்டுவிடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். கீழே 12 நிமிடம் என்றால் ஊட்டியில் 15, குன்னூரில் 14 வையுங்கள். மொத்தத்தில் கால் பங்கு நேரம் கூட்டினால் சரியாக வரும்.

துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறப் போடுவது இங்கே கட்டாயம், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீரில். டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீரில் பருப்பு ஊற வெகுநேரம் ஆகும். உப்பும் புளியும் பருப்பு மசிந்த பிறகுதான் போட வேண்டும். புளிப்பு ஏறிய தண்ணீரில் பருப்பு இறுகிவிடும், பிறகு எத்தனை கொதி விட்டாலும் அரிசி மாதிரி பல்லில் நிற்கும். பாத்திரத்தின் அடியில் பருப்பும் மேலே மஞ்சள் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும் சாம்பாரைப் பல மேசைகளில் பார்க்கலாம். மாஸ்டர் மேல் தப்பில்லை, புளி அரைமணி நேரம் முந்திவிட்டது.

ராஜ்மாவைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்காக இப்போது சின்னக் கடைகளும் ராஜ்மா சாவல் போடுகின்றன. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். அரைகுறையாக வெந்ததைச் சாப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். 93 டிகிரிக்கு மேல் ஏறாத திறந்த சட்டியில் ராஜ்மா வேக வைக்கவே கூடாது. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில்தான் வைக்க வேண்டும். விரலில் எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளைக் கட்டி இல்லாமல் மசிய வேண்டும். டபுள் பீன்ஸ், காய்ந்த அவரை, மொச்சைக்கும் இதே குக்கர் முறைதான் நல்லது.

அடுத்தது இட்லி. மலையில் கடை மானத்தைக் காப்பதும் வாங்குவதும் இதுதான்.

மாவு புளிக்க 27 முதல் 32 டிகிரி வரை வெதுவெதுப்பு வேண்டும். ஜனவரி ராத்திரியில் ஊட்டிச் சமையற்கட்டு அடுப்பை அணைத்த ஒரு மணி நேரத்தில் பத்துக்குக் கீழே போய்விடும், புல்லில் உறைபனி விழும் நாளில் இன்னும் இறங்கும். ராத்திரி எட்டுக்கு ஆட்டி வைத்த மாவு காலை ஐந்துக்கு வைத்தபடியே இருக்கும். அப்போது மாஸ்டர் என்ன செய்வார்? ஆப்ப சோடாவை அள்ளிப் போடுவார். இட்லி உப்பும், உண்மைதான். ஆனால் லேசாக மஞ்சள் தட்டும், வாயில் சோப்பு மாதிரி ஒரு ருசி நிற்கும், ஆறினால் ரப்பராகும். புளித்த மாவின் மணமும் லேசான புளிப்பும் சோடாவால் வராது. இந்த வித்தியாசம் தெரியாதவர் தமிழ்நாட்டில் கிடையாது.

இதற்குப் பெரிய செலவில்லை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற அளவை மாற்ற வேண்டாம். அரிசி ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு டீஸ்பூன் வெந்தயமும் ஒரு கைப்பிடி அவலும் கூடப் போடுங்கள். கிரைண்டரில் ஊற்றும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கொள்ளுங்கள், ஆட்டி முடிந்ததும் மாவைத் தொட்டால் கைச்சூட்டை ஒட்டி இருக்க வேண்டும். முந்தைய நாள் நன்றாகப் புளித்த மாவில், பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் என்று எடுத்து வைத்து இதில் கலந்துவிடுங்கள். குளிர் மாதங்களில் உப்பை ராத்திரி போட வேண்டாம், உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும், காலையில் போட்டால் போதும். மாவைக் கையால் கரைத்து, அண்டாவில் பாதிக்குச் சற்று மேல் வரை நிரப்பி, மூடி போட்டு, சாக்கும் பழைய கம்பளியும் சுற்றி, வெறும் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சிமெண்டுத் தரை ராத்திரி முழுக்கச் சூட்டை உறிஞ்சும். இதைக் கவனிக்காமல்தான் பல கடைகளில் அண்டாவின் மேல்பாதி பொங்கியும் அடிப்பாதி பச்சை மாவாகவும் கிடக்கிறது.

இன்னும் நிச்சயமாக வேண்டுமென்றால், பழைய மரப்பெட்டியோ ஓடாத பிரிட்ஜோ ஒன்றில் 40 வாட் குண்டு பல்பு எரிய விட்டு உள்ளே அண்டாவை வைத்து மூடலாம். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு வராது. பல்பு துணியிலோ மரத்திலோ படாமல் கம்பி வலை போட வேண்டும். இப்படி வைத்தால் ஜனவரியிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கும். எதுவுமே செய்ய முடியாத கடை, ராத்திரி எட்டுக்கு ஆட்டுவதை விட்டுவிட்டுப் பகல் பன்னிரண்டுக்கு ஆட்டட்டும். காலை ஐந்துக்குள் பதினேழு மணி நேரம் கிடைக்கும்.

இட்லிக் கொப்பரையிலும் நேரம் கூடும். இங்கே ஆவியின் சூடும் அந்த 93 டிகிரிதான். கீழே பத்து நிமிடத்தில் வெந்துவிடும் ஈடு ஊட்டியில் பதினான்கு நிமிடம் கேட்கும். கூட்டம் முட்டுகிறதே என்று பத்தாவது நிமிடத்தில் இறக்கினால் ஓரம் வெந்து நடு பிசுபிசுக்கும், துணியில் பாதி ஒட்டும். ஈர விரலால் நடுவில் தொட்டுப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். மூடி ஆடினால் ஆவி ஓடிவிடும், மேலே ஒரு கனமான கல்லை வையுங்கள். நேரம் கூடுகிறதே என்றால் அதற்கு வழி இன்னொரு கொப்பரை வாங்குவதுதான், நிமிடத்தைக் குறைப்பது இல்லை.

தோசைக்குக் கல்லின் சூடுதான் முக்கியம், அதனால் மலை அதை அதிகம் பாதிப்பதில்லை. ஜில்லென்ற மாவை நேராகக் கல்லில் ஊற்றாமல், பயன்படுத்தும் வாளியைக் கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்தால் போதும்.

வடை, பஜ்ஜி, போண்டா கருகுவதற்கும் காரணம் உயரம்தான். எண்ணெய் எத்தனை காய்ந்தாலும், மாவுக்குள் இருக்கும் ஈரம் 93 டிகிரியிலேயே ஆவியாகிப் போகிறது. ஆகவே சமவெளியில் போல உள்ளே சூடேறுவதில்லை. வெளியே மட்டும் சிவந்துவிடும். எண்ணெயைக் கீழே காய்ச்சுவதை விடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக வைத்து, ஒவ்வொரு ஈட்டையும் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகப் போடுங்கள். ஒரு துளி மாவைப் போட்டால் அது அடியில் தங்கி மெல்ல மேலே வர வேண்டும். விழுந்த வேகத்தில் சீறிக்கொண்டு மேலே வந்தால் எண்ணெய் அதிகம் காய்ந்திருக்கிறது. உளுந்து வடையை நடுவில் துளை பெரிதாகத் தட்டுவதும் இங்கே நல்லது.

திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. எண்ணெயில் சேரும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அளக்கும் கருவி இல்லாத கடைக்குக் கண்ணும் மூக்கும் போதும். நுரை அடங்காமல் நிற்பது, சீக்கிரமே புகைவது, கரண்டியில் எடுத்தால் பிசின் மாதிரி இழுப்பது என்று மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெயின் காலம் முடிந்தது. அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குளிரில் அது உறைந்து குழாயை அடைத்துக் கொள்ளும், அடுத்த மழையில் உங்கள் கடை வாசலுக்கே திரும்பி வரும்.

இனி, பரிமாறும் இடத்துக்கு வருவோம். நல்ல சமையல் மலையில் தோற்பது அநேகமாக இந்தக் கடைசிப் பத்தடி தூரத்தில்தான்.

டிசம்பர் மாதம், பகல் ஒன்றரை மணி, வெளியே பனிமூட்டம், கதவு திறந்தே இருக்கிறது. எவர்சில்வர் தட்டு மேசைக்கு வருகிறது, கழுவிய ஈரத்தோடு, தொட்டால் விரல் சில்லிடுகிறது. சோறு விழுகிறது, ஆவி எழுகிறது. குழம்பை ஊற்றிப் பிசைந்து இரண்டாவது கவளம் எடுப்பதற்குள் தட்டோடு ஒட்டிய சோறு ஆறிவிட்டது. குருமாவில் மிதந்த எண்ணெய் தட்டின் விளிம்பில் வெள்ளைக் கோடாகப் படிகிறது. அப்பளம் அதற்குள் நமுத்துவிட்டது. சாப்பிடுகிறவர் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார், ருசியைக் கவனிக்க நேரமில்லை. சமையற்கட்டில் அந்தச் சோறும் குழம்பும் குறையே இல்லாமல்தான் இருந்தன.

தட்டைச் சூடு பண்ணுங்கள். இந்த மடலில் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கழுவிய தட்டுகளைக் கொதிநீர்த் தொட்டியில் முக்கி எடுத்து, துடைத்து, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் அடுக்குங்கள். தட்டும் சுத்தமாகும், சோறும் கூடுதல் நேரம் சூடு தாங்கும். சாம்பார், ரசம், குருமா வாளிகளுக்கு மூடி போடுங்கள். பெரிய பாத்திரத்தில் கொதிநீர் வைத்து அதற்குள் குழம்புப் பாத்திரங்களை நிறுத்தினால் மதியம் முழுக்க 60 டிகிரிக்கு மேல் நிற்கும். அதற்குக் கீழே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கும் சாப்பாட்டில்தான் கிருமி பெருகும். குளிர் ஊர்தானே, கெடாது என்று சோற்றை வெளியே விட்டு வைப்பதும் தப்பு. சமையற்கட்டுக்குள் அடுப்புப் பக்கம் இருக்கும் அண்டா, குளிரிலும் மெல்லத்தான் ஆறும்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதிலும் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். பாமாயிலும் குளிரில் கலங்கித் தடிக்கும். டால்டா போட்ட பரோட்டா ஆறினால் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். தாளிக்க நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ வையுங்கள், இந்தக் குறை வராது. தேங்காய்ச் சட்னியை ஜில் தண்ணீரில் அரைத்தால் தேங்காயின் கொழுப்பு திரிந்து மணல் மணலாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரையுங்கள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஆகும் அளவே அரையுங்கள்.

டீயைப் பற்றி எழுதும்போது வருத்தம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கடை வாசலில் நின்றால் எதிரே தேயிலைச் சரிவு. இலை பறித்து, ஆலைக்குப் போய், தூளாகி, குன்னூர் ஏல மையத்துக்கு வருவது எல்லாம் சில கிலோமீட்டருக்குள். அந்த இலையைப் பறித்தவரே நம் கடைக்கு வந்து குடிப்பது மலிவான, சக்கை கலந்த தூளில் போட்ட டீ. ஒரு கிளாசுக்கு இரண்டரை கிராம் தூள் என்றால் ஒரு கிலோவில் 400 கிளாஸ் வரும். கிலோவுக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுத்து நல்ல தூள் வாங்கினாலும் கிளாசுக்குக் கூடும் செலவு 25 பைசாதான். பாலிலும் சர்க்கரையிலும் வாடகையிலும் போகும் பணத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லை.

தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர் போதும். ஒரு சிட்டிகை தூளைத் தண்ணீர் மேல் தூவுங்கள். நல்ல தூள் மெல்ல ஊறி, நிறம் தாமதமாக இறங்கும். சாயத் தூள் விழுந்தவுடனே செம்மையாகக் கோடு விட்டு இறங்கும். அந்த மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

டிக்காஷனை நாலைந்து நிமிடத்துக்கு மேல் தூளோடு வைக்காதீர்கள். காலையில் போட்ட தூளையே பாய்லரில் மறுபடி மறுபடி காய்ச்சினால் நிறம் வரும், கூடவே கசப்பும் துவர்ப்பும் வரும். அந்தக் கசப்பை மறைக்கச் சர்க்கரை, சர்க்கரையைச் சமாளிக்க ஏலக்காய் எசென்ஸ் என்று செலவு வேறு வழியில் போகிறது. அரைமணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சமாகப் புதிதாகப் போடுங்கள். வடிகட்டும் துணியைச் சோப்புப் போடாமல் கொதிநீரில் அலசி ராத்திரி காய வையுங்கள், வாரத்துக்கு ஒன்று மாற்றுங்கள். கிளாசை வெந்நீரில் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு ஊற்றுகிற பழக்கம் நம் டீ மாஸ்டர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளில் விடியற்காலையில் கிடைக்கும் டீ அத்தனை நன்றாக இருப்பதற்கு இந்தச் சுழற்றலும் ஒரு காரணம். அதை விட்டுவிடாதீர்கள். கூடவே ஒரு வர்க்கி (ஊட்டி பேக்கரிகளின் மொறுமொறு பண்டம்) தருகிற கடைகள், வர்க்கியைப் பாலித்தீனில் வைக்காமல் இறுக மூடும் தகர டப்பாவில் வையுங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விறகு அடுப்பில் வெந்து மொறுமொறுவென்று வந்ததை ஈரக்காற்றில் நமுக்க விட்டுக் கொடுப்பது அந்தப் பேருக்கு அழகில்லை.

குடிக்கத் தண்ணீர் காய்ச்சும்போது ஒரு கொதியில் இறக்க வேண்டாம். 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீரைத் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இதையே பின்பற்றினால் தப்பில்லை. மேசையில் வெந்நீர் ஜக் வைக்கும் கடைக்கு மழைக்காலத்தில் ஆள் தானாக வரும். கை கழுவும் இடத்திலும் ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். உறைபனிக் காலையில் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கை கழுவாமலே உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள், பரிமாறுகிறவர்களிலும் இருக்கிறார்கள்.

கேஸ் விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. குளிர் ராத்திரி முழுக்க வெளியே நின்ற சிலிண்டரில் திரவம் வேகமாக ஆவியாகாது. தீ சின்னதாகும், சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றுவார்கள், உள்ளே இன்னும் மிச்சம் இருக்கும். இரண்டு 19 கிலோ சிலிண்டரை ஒரே இணைப்பில் சேர்த்தால் பாரம் பிரிந்து தீ சீராக வரும். சிலிண்டரை அடுப்புப் பக்கம் நகர்த்துவதோ அதன் மேல் கொதிநீர் ஊற்றுவதோ எக்காரணம் கொண்டும் வேண்டாம். பாத்திர அடியில் கரி படிந்து தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரின் காற்றுத் துளையைச் சரி செய்யச் சொல்லுங்கள், மலைக்காற்றில் பிராணவாயு குறைவு. வாடிக்கையாளர் குளிர்காய வேண்டுமென்று ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரிக் கணப்பை உள்ளே கொண்டுவந்து வைப்பதும் ஆபத்து. அதன் புகையில் மணமே இல்லாத நச்சு வாயு இருக்கிறது.

விலைக்கு வருவோம். ஏப்ரல், மே வந்தால் சில கடைகளில் பழைய விலைப் பலகை காணாமல் போகிறது. அதே மீல்ஸ், அதே அளவு, "சீசன் ரேட்" என்று வாய்வார்த்தையில் இன்னொரு விலை. சீசனில் காய் விலையும் கூலியும் ஏறுவது எங்களுக்குத் தெரியும், விலையை ஏற்றுங்கள். ஆனால் பலகையில் எழுதி, வாசலிலேயே தெரியும்படி மாட்டுங்கள். எத்தனை பொரியல், சோறு அளவா, கேட்கிற வரைக்குமா, தயிர் சேர்த்தா தனியா என்பதும் அதில் இருக்கட்டும். சண்டை வருவது விலையால் இல்லை, சாப்பிட்டு முடித்த பிறகு தெரியவருவதால். ஊர்க்காரருக்கு ஒரு விலை, வெளியூர் நம்பர் பிளேட்டுக்கு ஒரு விலை என்பதும் நிற்க வேண்டும். சாதாரண உணவகத்துக்கு 2017 நவம்பர் முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருக்கும் கடை அந்த வரியைத் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், பில்லில் போட்டு வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. இது தெரியாமல் வசூலிக்கிற சின்னக் கடைகள் இருக்கின்றன, கணக்குப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மெனு அட்டையையும் சற்றுச் சுருக்கலாம். நூற்றுச் சொச்சம் ஐட்டம் எழுதி, கேட்டால் பாதி "இல்லை" என்று வருகிறது. கேத்தி பாலாடாவிலும் முத்தோரை பாலாடாவிலும் விளைகிற கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோஸ், நூல்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சிவப்புச் சாயம் போட்ட காலிபிளவர்தான் பல மேசைகளில் முதலில் வருகிறது. படுகர் வீடுகளில் வைக்கும் அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பை வாரத்தில் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டில் சேர்த்துப் பாருங்கள், சமைக்கத் தெரிந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கூடலூர் பக்கம் புட்டும் கடலைக்கறியும் போடும் கடைகள் நாலே ஐட்டத்தில் காலை முழுக்க நிரம்பி வழிவதைப் பார்க்கிறீர்கள் அல்லவா?

பார்சலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் கவர் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை. நீலகிரியில் கெடுபிடி அதற்கும் முன்பிருந்தே உண்டு. தூக்குப் பாத்திரம் கொண்டுவருகிறவருக்கு ஒரு கரண்டி சாம்பார் கூடுதலாக ஊற்றுங்கள், அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கோடு வருவார். குளிரில் வாழையிலை மடக்கினால் கிழியும். தணலில் ஒரு முறை வாட்டி எடுத்தால் துணி மாதிரி மடங்கும். மிஞ்சிய சாப்பாட்டைக் கடைக்குப் பின்னால் கொட்டி வைக்காதீர்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடி ஊருக்குள் இறங்கி வருவதற்கு அந்த வாடையும் காரணம். அதிகாலையில் பின்கதவைத் திறந்து விறகெடுக்கப் போகிறவர் உங்கள் கடைப் பையன்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாஸ்டர் ஊருக்குப் போவார், திரும்பி வரமாட்டார். புதியவர் திண்டுக்கல்லிலிருந்தோ அசாமிலிருந்தோ வருவார். அவருக்கு மலைக்கணக்கைச் சொல்லிக் கொடுக்கச் சீசன் நேரத்தில் யாருக்கும் பொழுதிருக்காது. ஆகவே இப்போதே, அடுப்புக்கு எதிர்ச் சுவரில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறாத உயரத்தில், தமிழிலும் இந்தியிலும் பெயிண்டால் எழுதி வையுங்கள்: பருப்பு, முதல் விசிலுக்குப் பின் 15 நிமிடம், இட்லி ஓர் ஈடு 14, குடிதண்ணீர் கொதி வந்து 3, குளிரில் மாவு ஆட்டும் நேரம் பகல் 12, டிக்காஷன் அரைமணிக்கு ஒரு முறை, தட்டு வெந்நீரில். குன்னூர், கூடலூர்க் கடைகள் ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பார்த்துத் தங்கள் எண்ணை எழுதிக்கொள்ளட்டும். உறைபனி தொடங்குவதற்கு முன்னால் எழுதிவிட்டால் இந்தக் குளிருக்கே உதவும்.

இப்படிக்கு,
மலைக் கடைகளில் சமைப்பவர்களும் சாப்பிடுபவர்களும்